பந்தல் போடாத இரண்டு ஆடி

ஆடி பிறந்தால் கீரமங்கலம் வட்டாரத்தில் ஆட்டு வியாபாரிக்கும் அச்சகக்காரருக்கும் தூக்கம் இருக்காது. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், அணவயல், பேராவூரணி என்று புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கும் தஞ்சாவூர் மாவட்டத்தின் தெற்கும் ஒட்டிக் கிடக்கிற இந்த ஊர்களில் ஆடியும் ஆவணியும் மொய்விருந்து மாதங்கள். கல்யாணம், காதுகுத்து எதுவும் இருக்க வேண்டியதில்லை. மொய் வாங்குவதற்காகவே விருந்து. தனியாக வைத்தால் செலவு தாங்காது என்பதால் பத்துப் பேர், இருபது பேர் கூட்டாகச் சேர்ந்துகொள்வார்கள். பத்திரிகை ஒன்று, பந்தல் ஒன்று, கறிச்சோறு ஒன்று. மொய் எழுதும் மேசை மட்டும் ஆளுக்கு ஒன்று. மேசைக்கு மேலே பெயர் அட்டை தொங்கும். சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வருகிறவர், எந்தெந்த மேசையில் தனக்குக் கணக்கு இருக்கிறதோ அங்கெல்லாம் போய் நிற்பார்.

நோட்டில் இரண்டு கணக்கு ஏறும். முன்பு வாங்கியதைத் திருப்பிச் செய்வது பழைய நடை. அதற்கு மேலே வைப்பது புது நடை. அது பின்னால் நமக்குத் திரும்பி வர வேண்டியது. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. ஒருமுறை விருந்து வைத்தவர் அடுத்து ஐந்து ஆண்டு கழித்துத்தான் வைப்பார். இடையில் பந்தல் பந்தலாகப் போய்த் திருப்பிச் செய்துகொண்டே இருப்பார். ஆழ்குழாய்க் கிணறு, மகள் கல்யாணம், மகனைச் சிங்கப்பூர் அனுப்ப ஏஜெண்டுக்குக் கட்டும் பணம் என்று எங்கள் ஊரில் பெரிய செலவு எது வந்தாலும் கை முதலில் நீளும் இடம் இந்தப் பந்தல்தான்.

இந்த ஏற்பாடு முழுக்க, ஆள் நேரில் வந்து நிற்பதை நம்பி நடந்தது. வந்தவர் யார், வராதவர் யார் என்பது பணத்தைவிடப் பெரிய கணக்கு. காய்ச்சலில் கிடந்தாலும் மகனையாவது அனுப்ப வேண்டும். கொரோனா எங்கள் ஊரை எந்த இடத்தில் அடித்தது என்று யாராவது கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். நோய் வந்தது, போனது. வந்து நிற்கிற வழக்கத்தில் விழுந்த வெட்டு இன்னும் முழுதாக ஆறவில்லை.

அதற்கு முன்பே ஊர் ஒருமுறை விழுந்து எழுந்திருந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரை ஏறியபோது தாத்தா காலத்துத் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. பலா மரங்கள் முறிந்தன. புதுக் கன்று வைத்தால் காய்ப்புக்கு ஐந்தாறு ஆண்டு காத்திருக்க வேண்டும். 2019 ஆடியில் நடந்த விருந்துகளில் வந்த பணம்தான் பல குடும்பங்களை நிமிர்த்தியது. தோப்பு போனவர்கள்கூடக் கடன் வாங்கி வந்து அந்த ஆடியில் செய்முறை செய்தார்கள். அடுத்த ஆடியில் தங்கள் முறை வரும், பந்தல் போட்டு நிமிர்ந்துவிடலாம் என்ற நம்பிக்கை. அடுத்த ஆடி என்பது 2020.

மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை மக்கள் ஊரடங்கு. 24ஆம் தேதி மாலையில் தமிழ்நாட்டில் 144 தடை. அன்று நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க 21 நாள் அடைப்பு. எங்கள் ஊரில் அப்போது ஒருவருக்கும் நோய் இல்லை. ஆனாலும் மறுநாள் காலையிலேயே ஊர் முகப்பில் கருவேல முள் வெட்டிப் போட்டு, மூங்கிலைக் குறுக்கே கட்டி, வேப்பங்கொத்து தொங்கவிட்டார்கள். தெருவெங்கும் மஞ்சள் தண்ணீர். இளவட்டங்கள் முறைபோட்டுக் காவல் இருந்தார்கள். எங்கள் அப்பாயிக்கு இது புதிதாகத் தெரியவில்லை. “வாந்திபேதி வந்தப்ப நாங்களும் இப்படித்தான் கட்டுனோம். அம்மை கண்டாலும் இதே வேப்பங்கொத்துதான். நீங்க என்னமோ புதுசா பாக்குறீங்க” என்றார்.

பங்குனியும் சித்திரையும் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டும் காலம். காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர் வெளியூரில் இரவு தங்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் ஊரடங்கின் முதல் வாரத்தைக் காப்புக் கட்டிய வாரம் போலவே பலரும் எடுத்துக்கொண்டார்கள். பத்துப் பதினைந்து நாள் போனதும்தான் வித்தியாசம் உறைத்தது. காப்பு, ஊரை அடைத்து எல்லோரையும் கோயில் வாசலில் ஒன்று கூட்டும். இது ஊரையும் அடைத்தது, வீட்டுக்கு வீடும் அடைத்தது. அந்த ஆண்டு பால்குடம் இல்லை, கரகம் இல்லை. தை, மாசியில் தொடங்கி ஆவணி வரை ஊர் ஊராக வள்ளித் திருமணம் போடுகிற புதுக்கோட்டை நாடகக் கலைஞர்கள், வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் போனை அணைத்து வைத்தார்கள்.

எங்கள் பக்கம் பூ வெள்ளாமை. மல்லிகை, முல்லை, கனகாம்பரம் மூன்றும் கீரமங்கலம் சந்தைக்குப் போய், அங்கிருந்து அறந்தாங்கி, புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை என்று பிரியும். விடிவதற்குள் மொட்டாகப் பறித்தால்தான் விலை. இரவு மூன்று மணிக்கே பெண்கள் நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இருட்டில் வெளிச்சப் புள்ளிகள் குனிந்து நிமிரும்.

பூவை வாங்க மூன்று இடம்தான் உண்டு: கோயில், கல்யாணம், சாவு. கோயிலில் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. பெரிய கோயில்களில் 2020 ஆகஸ்ட் முடியும் வரை அப்படியே இருந்தது. கல்யாணத்துக்கு ஐம்பது பேர். சாவுக்கு இருபது பேர். சந்தை மூடிக் கிடந்தது. ஆனால் செடி ஊரடங்கைக் கேட்குமா? சித்திரை வெயிலில் மல்லிகை கொட்டோ கொட்டென்று கொட்டியது. பறிக்காமல் விட்டால் மறு பூப்பு குறையும், புழு விழும். ஆகவே விற்காது என்று தெரிந்தும் பறித்தாக வேண்டும். கீழத்தெருச் சித்தி தினமும் பறித்தார். சாக்கில் கட்டிக் கொண்டுபோய் வாய்க்கால் கரையில் கொட்டினார். முதல் நாள் கொட்டியது மறுநாள் பழுப்பேறி, மூன்றாம் நாள் புளித்த வாடை அடித்தது. அந்தப் பக்கம் போகிற எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். மல்லிகைக்கு மூக்கைப் பொத்துவோம் என்று யார் நினைத்திருப்பார்கள். கூட வந்த பறிகூலிப் பெண்களுக்கு அவரால் கூலி கொடுக்க முடியவில்லை. அவர்களும் கேட்கவில்லை. “நோட்டுல எழுதி வச்சுக்க அத்தாச்சி, நல்ல காலம் வந்தா குடு” என்றார்கள். அடுத்த ஆண்டு தையில் சித்தி அதைக் கொடுத்து முடித்தார். அதே மாதம் மல்லிகையில் பாதியை வேரோடு பிடுங்கிவிட்டுத் தென்னங்கன்று வைத்தார். இன்று எங்கள் ஊர்க் கொல்லைகளில் மூன்று மணிக்குத் தெரியும் விளக்குகள் குறைவு. பறிக்க ஆள் இல்லை என்பது ஒரு காரணம். இனி ஒருமுறை கொட்ட முடியாது என்பது இன்னொன்று. பலாவுக்கும் அதே கதைதான். வடகாட்டுப் பலாவுக்கு லாரி வராத அந்த ஆண்டு, பழம் மரத்திலேயே வெடித்துத் தரையில் விழுந்தது.

வெளியில் இருந்தவர்கள் பாடு வேறு. வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருக்கிற ஊர் இது. 2020 ஏப்ரலில் சிங்கப்பூர்த் தொழிலாளர் விடுதிகளில் தொற்று பரவி, அறைக்குப் பத்துப் பன்னிரண்டு பேராக அடைத்து வைத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அந்நாட்டு அரசு வெளியிட்ட கணக்குப்படி, விடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 தொழிலாளர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. விடுதியை விட்டு வெளியே போக அனுமதி வாங்க வேண்டிய நிலை 2022 வரை நீடித்தது. இங்கே வேப்பங்கொத்து கட்டிப் பத்திரமாக இருந்த தாய்மார்களுக்கு நெஞ்சு முழுக்க அங்கேதான். வாசிக்கத் தெரியாத பெண்கள்கூட வீடியோ அழைப்புப் பழகியது அந்தச் சித்திரையில். மே 9ஆம் தேதி கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு முதல் மீட்பு விமானம் இறங்கிய செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்து, அதில் தன் மகன் இல்லை என்று தெரிந்தும் திண்ணையில் உட்கார்ந்து அழுதவர்களை எனக்குத் தெரியும்.

சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் திரும்பியவர்களை ஊர் நடத்திய விதத்தை நான் மறைக்கப் போவதில்லை. மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து லாரிகளில் ஊர் திரும்பியவர்களால் அரியலூர், கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் தொற்று ஏறியது என்று செய்தி வந்த நாளிலிருந்து, ஊர் தன் பிள்ளைகளையே சந்தேகப்பட்டது. மகன் வந்த வீட்டுக்குப் பால்காரர் போகவில்லை. அந்த வீட்டுக் குழந்தை தெருக்குழாய்க்கு வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். கதவில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்ற தாள் ஒட்டியிருந்தது. அது கிழிந்த பிறகும் அந்த வீட்டு வாசலை மிதிக்க ஒரு மாதம் ஆனது. அப்படி ஒதுக்கப்பட்ட ஒரு தம்பிதான் பிறகு இரண்டாம் அலையில் பைக்கில் ஊர் ஊராகப் போய் மாத்திரை வாங்கி வந்து கொடுத்தான்.

ஆடி வந்தது. பந்தல் இல்லை. அச்சகத்தில் பாதி அடித்த பத்திரிகைகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. 2021 ஆடியிலும் ஊர் எழுந்திருக்கவில்லை. இரண்டு ஆண்டு செய்முறை நின்றுபோனால் என்ன ஆகும் என்று வெளியே இருப்பவர்களுக்குப் புரிவது கடினம். முறை வர வேண்டிய குடும்பத்துக்குப் பணம் வரவில்லை. செய்ய வேண்டிய குடும்பத்துக்குச் செய்யாத கடன் தலைமேல் நின்றது. அந்த இடைவெளியில் நுழைந்தது, கம்பெனிகள் பெண்களுக்குக் குழுவாகச் சேர்த்துத் தருகிற குழுக்கடன். ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணைக்கு விலக்கு கொடுத்திருந்தது. ஆனால் விலக்குக் காலத்துக்கும் வட்டி ஓடும் என்பது பெண்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. வாரத் தவணை வசூலிக்க வருகிறவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கட்டும் வரை எழுந்திருக்காமல் இருந்த காலைகள் உண்டு. 2020 ஏப்ரலில் ரேஷன் கடையில் வந்த 1,000 ரூபாயும், 2021இல் இரண்டு தவணையாக வந்த 4,000 ரூபாயும், பதினான்கு பொருள் கொண்ட மளிகைப் பையும் அடுப்பு அணையாமல் காத்தன. நூறு நாள் வேலைக்குக் கூலி 256 ரூபாய் ஆகியிருந்தது. இவை இல்லாவிட்டால் பட்டினிச் சாவு பார்த்திருப்போம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மொய் இருந்த இடத்தில் குடியேறிய வாரக்கடனை இன்றுவரை வெளியேற்ற முடியவில்லை. முன்பு வட்டி என்றாலே முகம் சுளித்த வீடுகளில் இன்று இரண்டு மூன்று கம்பெனிகளின் பாஸ்புத்தகம் இருக்கிறது.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையானவர்களுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. ஒன்றாம் வகுப்பில் பையைத் தூக்கி வைத்த பிள்ளை மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது. கேபிள் கட்டணம் கட்டாத வீட்டில் அதுவும் இல்லை. பிள்ளைகள் பூப் பறித்தார்கள், ஆடு மேய்த்தார்கள். ஐம்பது பேரோடு கல்யாணம் முடிந்துவிடும், செலவு குறைவு என்று கணக்குப் போட்டுப் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு முடித்துவிட்டார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வே ரத்தாகி எல்லோரும் தேர்ச்சி என்று அரசு அறிவித்த ஆண்டு அது. அவள் சான்றிதழ் வாங்கப் பள்ளிக்கு வந்தபோது கையில் குழந்தை இருந்தது.

2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் ஒன்றியம் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கி வைத்தார். எங்கள் தெருவில் பட்டம் முடித்துச் சும்மா இருந்த ஒரு பெண் தன்னார்வலராகச் சேர்ந்தாள். மாதம் ஆயிரம் ரூபாய். மாலையில் பள்ளி விட்டதும் அவள் வீட்டுத் திண்ணையிலும் வாசலிலுமாகப் பிள்ளைகள் உட்கார்ந்து ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு படித்தார்கள். அடுத்தடுத்து உட்காரவே மறந்திருந்தவர்கள் அவர்கள். எழுத்துக் கூட்டுவதைவிட, ஒருவர் பென்சிலை ஒருவர் பிடுங்குவதையும் அதற்குச் சண்டை போடுவதையும்தான் முதல் மாதம் படித்தார்கள் என்று அவள் சொன்னாள். அந்தத் திட்டம் பின்னால் சுருங்கியது. அவள் ஆசிரியர் பயிற்சிக்குப் போய்விட்டாள். திண்ணை வகுப்பை இப்போது அவளிடம் படித்த ஒன்பதாம் வகுப்புப் பையன் நடத்துகிறான், கூலி எதுவும் இல்லாமல்.

இனி 2021 மே.

அதைச் சொல்வதற்கு முன், கொரோனாவுக்கு முந்தைய நாட்களில் ஒரு சாவு எப்படி இருந்தது என்று சொல்கிறேன். உயிர் பிரிந்த சேதி பரவியதும் தெருவில் அடுப்பு எரியாது. பச்சை ஓலைப் பந்தல் ஏறும். பறையும் சங்கும் வரும். பங்காளிகள் ஒரு பக்கம், மாமன் மச்சான் ஒரு பக்கம், வெளியூர்ச் சனம் வேனிலும் டாடா ஏஸிலும் வந்து இறங்கும். பெண்கள் தெருமுனையில் இறங்கும்போதே ஒப்பு வைத்து அழுதுகொண்டு வந்து, உள்ளே இருக்கிற பெண்களின் தோளைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்காருவார்கள். நீர்மாலை எடுப்பார்கள். பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வரும். எடுத்துப் போன பிறகு மூன்று நாள் சம்பந்தி வீட்டுச் சோறு. பதினாறாம் நாள் கருமாதி, மகனுக்கு உருமாக் கட்டு. எந்தப் பகையாளியும் எழவு வீட்டுக்கு வராமல் இருக்க மாட்டான். வராவிட்டால் அந்தக் குடும்பம் தலைமுறைக்கும் பேசும்.

மே 10 முதல் முழு ஊரடங்கு. பேருந்து இல்லை. பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் என்று மே 8ஆம் தேதியிலிருந்து அறிவிப்பு வந்திருந்தது. ஏறுவதற்குள் பேருந்தே நின்றுவிட்டது. தடுப்பூசி ஏப்ரலிலேயே 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் திறந்திருந்தும், நடிகர் விவேக் ஊசி போட்ட இரண்டாம் நாள், ஏப்ரல் 17 அன்று மாரடைப்பில் இறந்த செய்தியோடு எங்கள் ஊரில் ஊசி என்ற பேச்சே நின்றிருந்தது. அவர் சாவுக்கு ஊசி காரணம் இல்லை என்று மத்திய அரசின் குழு பின்னால் சொன்னது. அது ஊருக்கு வந்து சேர்வதற்குள் மே முடிந்திருந்தது.

மேலத்தெருப் பெரியப்பாவுக்கு ஐந்து நாள் காய்ச்சல். ஆறாம் நாள் மூச்சு வாங்கியது. படுக்கை இல்லை என்று ஒரு மருத்துவமனையில் திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு இடத்துக்குப் போவதற்கு வண்டி தேடிக்கொண்டிருந்தபோது வீட்டிலேயே முடிந்துவிட்டது. சோதனை எடுக்கவில்லை. விடியற்காலை. நான்கு பேர், முகத்தில் துண்டை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு எடுத்துப் போனார்கள். பறை இல்லை. தெருக்காரர்கள் அவரவர் வாசல்படியில் நின்றோம். கீழே இறங்கவில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன். பெரியம்மா ஒப்பு வைக்கத் தொடங்கி, கூடச் சேர்ந்து அழ ஆள் இல்லாததால் பாதியில் நிறுத்திவிட்டார். தனியாக ஒப்பு வைக்க முடியாது. அது ஒருவர் எடுத்து ஒருவர் தொடர்வது. பெரியம்மாவின் அண்ணன் பேராவூரணிக்கு அந்தப் பக்கம் காய்ச்சலில் கிடந்தார். கோடிச் சேலை ஆவணியில் வந்தது.

அந்த மே, ஜூனில் எங்கள் ஊரில் அப்படிப் போனவர்கள் இன்னும் சிலர். நகர மருத்துவமனையில் இறந்தவர்களை வீட்டுக்கே கொண்டுவர முடியவில்லை. சாதி மதம் பார்க்காமல் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத்தின் (தமுமுக) தன்னார்வலர்கள் உடல்களை வாங்கி அடக்கம் செய்தது தமிழ்நாடு முழுக்க நடந்தது; எங்கள் பக்கமும் அவர்கள்தான் செய்தார்கள். தாயின் முகத்தை, உடலை மூடிய பையின் கண்ணாடி ஜன்னல் வழியாக ஒரு நிமிடம் பார்த்த மகன், இன்றும் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுகிறான்.

இன்று ஊரில் எது எப்படி இருக்கிறது? மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் திரும்பிவிட்டது. சித்திரையில் காப்புக் கட்டுகிறார்கள், நாடகம் நடக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. இப்போது எங்கள் தெருவிலும் சுகாதாரப் பெண் ஒருவர் வீடு வீடாக வந்து ரத்தக் கொதிப்புப் பார்த்து, சர்க்கரை மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். முன்பு மாத்திரைக்காக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பேருந்து ஏறியவர் எங்கள் அப்பாயி. பெருந்தொற்று கொண்டுவந்ததில் நான் மனமாரக் கும்பிடுவது இதைத்தான்.

சாவு மாறிவிட்டது. சேதி வாட்ஸ்அப்பில் வருகிறது. குளிர்பெட்டி வருகிறது. வெளிநாட்டு மகனுக்காக ஒருவர் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மூன்றாம் நாளே கருமாதியை முடித்துவிடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். பத்து நிமிடம் நின்று மாலை போட்டுவிட்டுப் போகிறவர்கள் அதிகம். தோளைக் கட்டிக்கொண்டு உட்காருகிற பெண்கள் குறைவு. இதில் எல்லாமே இழப்பு என்று நான் சொல்ல மாட்டேன். கூட்டம் கூடாத அந்த ஆண்டில், கணவனை இழந்த பெண்ணை நடுவில் உட்காரவைத்துப் பூவைப் பறித்து வளையலை உடைக்கிற சடங்கைச் செய்ய ஆள் இல்லாமல் போனது. சில குடும்பங்கள் அதை மறுபடி தொடங்கவே இல்லை. பெரியம்மா இன்றும் கண்ணாடி வளையல் போட்டிருக்கிறார். அது அப்படியே இருக்கட்டும்.

மொய்விருந்து 2022 ஆடியில் பழையபடி களைகட்டியது. இரண்டு ஆண்டு முறை தள்ளிப்போனவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பத்திரிகை அடித்தார்கள். ஒரே நாளில் நான்கு பந்தல். செய்ய வேண்டியவர்கள் நகையை அடகு வைத்துச் செய்தார்கள். பலரால் பழைய நடையைத்தான் செய்ய முடிந்தது. புது நடை வைக்கக் கை வரவில்லை. மதுரையில் 2021 ஜனவரியில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் கியூஆர் கோடு அச்சடித்ததைப் பார்த்து நாடே வியந்தது. இப்போது எங்கள் பந்தல் மேசைகளிலும் அந்தச் சதுரம் ஒட்டியிருக்கிறது. திருப்பூரில் இருந்தபடியே மொய் வந்துவிடுகிறது. மேசையில் இருக்கிற சின்ன ஒலிபெருக்கிப் பெட்டி தொகையைச் சொல்கிறது. மொய் எழுதுகிற பெரியவர் ஒருவர் அதையும் நோட்டில் ஏற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார்: “பணம் வந்துருச்சு தம்பி. ஆளு வரலையே. எலையில சோறு மிஞ்சுது பாரு.” விருந்துக்கு அடிக்கிற ஆடுகளின் எண்ணிக்கையை ஊரில் இப்போது குறைத்துவிட்டார்கள்.

பெரியப்பா 2020 ஆடியில் பந்தல் போட வேண்டியவர். அவர் நோட்டு பெரியம்மாவிடம் இருந்தது. ஆனால் கடைசி இரண்டு ஆண்டு அவர் கைமாற்றாகக் கொடுத்தது, அவசரத்துக்குச் செய்தது எதுவும் அதில் ஏறவில்லை. யாரிடம் கேட்பது, எதை வைத்துக் கேட்பது என்று மகன் தவித்துக்கொண்டிருந்தான். 2022இல் அவன் பந்தல் போட்டான். மேசை முன்னால் வந்தவர்கள் தாங்களே சொன்னார்கள். “உங்கப்பா மருத்துவச் செலவுக்கு எனக்கு அஞ்சாயிரம் குடுத்தாரு, நோட்டுல இருக்காது, எழுதிக்க.” “நான் கருக்காக்குறிச்சிப் பக்கம். எனக்கு ரெண்டு.” கீழத்தெருச் சித்தியின் பறிகூலிப் பெண்களில் ஒருத்தி முந்நூறு ரூபாயோடு வந்து நின்றாள். மகன் எழுத எழுத நோட்டில் தாள் போதாமல், பின் அட்டையில் எழுதினான். சாவுக்கு வர முடியாதவர்கள்தான் அன்று அதிகம் வந்தார்கள். சாப்பிடாமல் போனவர்களும் உண்டு.

இன்னொரு கணக்கு தீரவில்லை. கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் உத்தரவிட்டது. சோதனையில் தொற்று உறுதியாகி 30 நாளுக்குள் இறந்திருந்தால், வீட்டில் இறந்தாலும் கணக்கில் வரும் என்றது. பெரியப்பாவுக்குச் சோதனையே எடுக்கவில்லை. இறப்புச் சான்றிதழில் நோயின் பெயர் இல்லை. மகன் மனுப் போட்டான். ஆதாரம் இல்லை என்று ஒரு அலுவலகத்திலிருந்து திருப்பி அனுப்பினார்கள். எங்கள் ஊரில் அந்த மே, ஜூனில் போனவர்களில் பாதிக் குடும்பத்துக்கு இதுதான் நிலை. காய்ச்சல் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், மாத்திரை வாங்கிக் கொடுத்த தம்பி இருக்கிறான், படுக்கை கேட்டுத் திரும்பிய வண்டி ஓட்டுநர் இருக்கிறார். எழுதாத கடனைத் தானே வந்து சொல்லித் தீர்த்த ஊர் இது. இந்த ஊர் சொல்கிற சாட்சியை ஓர் அதிகாரி ஒரு முறையாவது நேரில் வந்து கேட்டிருக்கலாம். மகன் இப்போது மறுபடி மனு எழுதியிருக்கிறான். கூடவே ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட்ட தாளை இணைத்திருக்கிறோம். பெரியப்பாவை எடுத்துப் போன நான்கு பேரும் முதலில் போட்டார்கள். வாசல்படியில் நின்ற நாங்கள் அதற்குக் கீழே போட்டோம்.